மூன்றாம் தரம் சொல்லுமுன்

திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் நன்னி வாழ்ந்த வீட்டின் முன்கூடத்தில், ஜன்னலுக்கும் தூணுக்கும் இடையே ஒரு சிறு மேசை நின்றிருந்தது. முழங்காலுக்குச் சற்று மேலே உயரம். கறுப்பென்றும் சொல்ல முடியாத, சிவப்பென்றும் சொல்ல முடியாத நிறம். நான்கு ஓரங்களிலும் திராட்சைக் கொடி செதுக்கப்பட்டிருக்கும். கொடியின் ஊடே இலைகள். இலைகளின் மறைவில் பழக்கொத்துகள். கால்கள் நான்கும் கயிற்றைப் போல் முறுக்கிக் கடைந்தவை. முன்பக்கத்தில் ஓர் இழுப்பறை. அதற்கு ஒரு பித்தளைப் பூட்டு.

நன்னியின் மூக்குக் கண்ணாடியும், தஸ்பீஹ் மணியும், வெற்றிலைப் பெட்டியும் அதன் மேலே இருக்கும். ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீது, பெருநாளன்று பேரப்பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காகச் சேர்த்து வைத்த புத்தம் புதிய நோட்டுகள் ஆகியவை இழுப்பறைக்குள் இருக்கும். சாவி நன்னியின் முந்தானை முடிச்சை விட்டு என்றும் பிரிந்ததில்லை. அந்த மேசையை நாங்கள் 'டீப்பாய்' என்று அழைத்தோம். அது எங்கிருந்து வந்தது, யார் செய்தது, எவ்வளவு பழமையானது என்று எங்களில் ஒருவரும் நன்னியிடம் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை. வீட்டிலுள்ள தூணைப் பார்த்து நீ எங்கிருந்து வந்தாய் என்று யார்தாம் கேட்கிறார்கள்?

நன்னி வபாத்தாகிச் சில மாதங்கள் கழிந்தபின் வீட்டைப் பாகம் பிரிப்பது பற்றிப் பேச்சு எழுந்தது. மாமாமார் இருவர், பெரியம்மா, என் அம்மா, சின்னம்மா என்று பெண்மக்கள் மூவர். வீட்டைக் காலி செய்யுமுன் பழம்பொருள் வாங்கும் வெளியூர் வியாபாரி ஒருவரைப் பெரிய மாமா வரவழைத்தார். வந்தவர் நெடுநேரம் பித்தளை அண்டாக்களைத் தட்டிப் பார்த்தார். ஊஞ்சல் பலகையைக் குறை கூறினார். நிலைக்கதவில் கரையான் ஏறியிருப்பதாகச் சொன்னார். டீப்பாயைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் கூறவில்லை. ஆயினும் அதைக் கடந்து போகும்போதெல்லாம் அவருடைய கை மேற்பலகையின் அடிப்புறத்தைத் தடவிவிட்டுப் போவதை நான் கவனித்தேன். இறுதியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகையைச் சொன்னார். "அந்த டீப்பாயையும் இதிலேயே போட்டுக் கொள்கிறேன், உடைந்த சாமான்தானே!" என்றார்.

டீப்பாய் உடைந்திருக்கவில்லை. அந்த ஒரு சொல்தான் சின்னம்மாவை விழிக்க வைத்தது. "அண்ணே, அது மட்டும் இருக்கட்டும்" என்றார். சென்னையில் பணிபுரியும் மாமா மகன், அதே போன்ற செதுக்கு வேலைப்பாடுள்ள மேசையொன்று ஏல நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற்றிருந்த படத்தைக் கொண்டுவந்து காட்டினான். அதற்குக் குறித்திருந்த மதிப்பைக் கண்டதும், அதுவரை டீப்பாயைத் திரும்பியும் பாராதிருந்தவர்கள் அதைச் சுற்றி அமர்ந்தார்கள். விற்பதா, வைத்திருப்பதா? விற்பதானால் வியாபாரியிடமா, ஏலத்திலா? வைத்திருப்பதானால் யார் வீட்டில்? ஒரு சிறு மேசை ஒரு குடும்பத்தை இரண்டாக்கிவிடுமோ என்ற அச்சம் எனக்கு எழுந்தது. எழுத்து வேலையில் இருப்பவன் என்பதால், விவரம் அறிந்து சொல்லும் பொறுப்பு என் மீது விழுந்தது. அப்போது நான் அறிந்துகொண்டவற்றையே இங்கே வாசகர்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

இரண்டு சொற்களின் கதை

முதலில் அந்தப் பெயரையே எடுத்துக் கொள்வோம். தேநீர்க் கோப்பை வைப்பதால் அது டீப்பாய் ஆயிற்று என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மை அதுவன்று. வடநாட்டு மொழியில் 'திபாயி' என்றால் மூன்று கால் உடையது. நம் தமிழில் முக்காலி. மூன்றைக் குறிக்கும் சொல்லும், காலைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான 'பாய்' என்பதும் கூடிப் பிறந்தது அச்சொல். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் அதைத் தம் மொழியில் எடுத்துக் கொண்டனர். தேநீரைக் குறிக்கும் தங்கள் சொல்லின் ஓசை அதில் கேட்டதால், அதற்குத் தேநீர் மேசை என்றே பொருள் கொண்டனர். பிறகு அதே சொல் உருமாறி நம் வீட்டுக்குத் திரும்பி வந்தது. எங்கள் நன்னி வீட்டு மேசைக்கு நான்கு கால்கள், பெயரோ முக்காலி!

'ஏலம்' என்னும் சொல்லின் பயணமும் அத்தகையதே. போர்ச்சுகீசியரின் 'லெயிலாவ்' என்னும் சொல்லிலிருந்து அது நம் கரைக்கு வந்தது என்பர். அச்சொல்லுக்கும் மூலம் அரபு மொழி என்பர்: 'இஃலாம்', அதாவது அறிவித்தல். எல்லார் முன்னிலையிலும் பொருளை அறிவித்து விற்பது என்பதே அதன் கருத்து. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலும் திண்டுக்கல் பூச்சந்தையிலும் விலை கூறும் குரல்களைக் கேட்டுப் பழகிய நமக்கு இந்த அறிவித்தல் புதிதன்று. 'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்னும் முழக்கம் நம் பேச்சிலேயே கலந்துவிட்டது. மூன்றாம் தரம் சொல்லிவிட்டால் பொருள் கைமாறிவிடும். பிறகு வருந்திப் பயனில்லை.

ஒரு சொல் தன் பிறப்பை மறந்தால் பெரிய இழப்பொன்றும் இல்லை. ஆனால் ஒரு பொருள் தன் பிறப்பை மறந்தால் என்ன ஆகும்? அதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அந்தச் சான்றும் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன மேசைகளைப் பற்றியதே.

பிறந்த ஊரை இழந்த மேசைகள்

இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் என்றொரு பிரபு இருந்தார். அந்நாட்டின் முதல் பிரதமர் எனப் போற்றப்படும் ராபர்ட் வால்போலின் மகன், எழுத்தாளர், பழம்பொருள் சேர்ப்பதில் தீராத மோகம் கொண்டவர். லண்டனுக்கு அருகில் ஸ்ட்ராபெர்ரி ஹில் என்னும் மாளிகையைக் கட்டி, அதைப் பழம்பொருள்களால் நிரப்பினார். 1763ஆம் ஆண்டு ஹண்டிங்டன்ஷயர் பகுதியில் கான்யர்ஸ் குடும்பத்தாரின் மாளிகைப் பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. வால்போல் அங்கே கருங்காலி மரத்தால் செய்த நாற்காலிகளையும் மேசைகளையும் ஏலத்தில் எடுத்தார். கால்கள் முறுக்குக் கடைசல். சட்டமெங்கும் இலையும் பூவுமாய்ச் செதுக்கு வேலை.

அவை எட்டாம் ஹென்றி மன்னர் காலத்து ஆங்கிலத் தச்சரின் கைவேலை என வால்போல் உறுதியாக நம்பினார். அம்மன்னரின் அமைச்சராயிருந்த கார்டினல் வுல்சி வாழ்ந்த ஈஷர் மாளிகையில் அதே போன்ற நாற்காலிகளை அவர் கண்டிருந்ததே அந்நம்பிக்கைக்குக் காரணம். பெரிய மனிதர் நம்பியதைப் பிறரும் நம்பினர். கருங்காலி நாற்காலி என்றாலே பழைய ஆங்கில அரசர் காலத்தது என்ற எண்ணம் பரவியது. சார்ல்கோட் என்னும் மாளிகையில் உள்ள கருங்காலிச் சாமான்களுக்கு அதைவிடப் பெரிய கதை ஒன்று கட்டப்பட்டது. 1575இல் எலிசபெத் மகாராணியார் தமக்கு நெருக்கமான லெஸ்டர் பிரபுவுக்கு அவற்றைப் பரிசளித்தாராம்!

வால்போல் மறைந்த பின் 1842இல் அவருடைய மாளிகைப் பொருள்கள் அனைத்தும் ஏலத்துக்கு வந்தன. ஜார்ஜ் ராபின்ஸ் என்னும் புகழ்பெற்ற ஏலக்காரர் 24 நாள்கள் நின்று அவற்றை விற்றார். பழங்காலப் புகழையும் சேர்த்தே அந்தப் பொருள்களைக் கூட்டம் வாங்கிச் சென்றது.

உண்மை என்ன? அந்தக் கருங்காலிச் சாமான்கள் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர்களுக்காக நம் சோழமண்டலக் கரையில் செய்யப்பட்டவை. கருங்காலி இங்கிலாந்தில் வளரும் மரமன்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளர்வது. செதுக்கிய கைகளும் இந்நாட்டுக் கைகளே. 1934ஆம் ஆண்டு, டென்மார்க்கு நாட்டு அறிஞர் வில்ஹெல்ம் ஸ்லோமான் லண்டனிலிருந்து வெளிவந்த பர்லிங்டன் கலை இதழில் இவ்வகைச் சாமான்களின் இந்தியப் பிறப்பை விரிவாக எடுத்துரைத்தார். வால்போல் ஏலத்தில் எடுத்த நாளிலிருந்து கணக்கிட்டால் 171 ஆண்டுகள். அத்தனை காலம் நம் தச்சர்களின் உழைப்பு வேறொரு நாட்டின் பெயரில் வாழ்ந்தது.

ஏன் இப்படி நேர்ந்தது? யாரும் திட்டமிட்டுத் திருடவில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். கப்பலில் ஏற்றியவருக்குத் தெரிந்திருந்தது, இறக்கியவருக்கும் தெரிந்திருக்கும். அவர் மகனுக்குத் தெரியவில்லை. பேரன் ஏலத்துக்கு விட்டபோது, வாங்கியவர் சொன்னதே வரலாறு ஆகிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு நன்னியின் டீப்பாய்தான் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் விசாரித்தேன். மூன்று பேர் மூன்று கதை சொன்னார்கள். நன்னாவின் அத்தா ரங்கூனில் வியாபாரம் செய்து திரும்பியபோது கொண்டுவந்தது என்றார் பெரியம்மா. திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிலில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தம் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார், அதில் நன்னா எடுத்தது என்றார் பெரிய மாமா. திண்டுக்கல் சுருட்டு ஒரு காலத்தில் கடல் கடந்து பெயர் பெற்றது. ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுத் தொழிற்சாலை இவ்வூரில் இயங்கியது. பணி முடிந்து போகும் ஆங்கிலேயர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டுச் செல்வது அக்கால வழக்கம். ஆகவே அக்கதையிலும் தவறு காண முடியவில்லை. மதுரையில் நன்னியின் திருமணத்துக்காகவே வாங்கியது என்றார் சின்னம்மா. மூன்றும் நடந்திருக்கக் கூடியவை. எது நடந்தது என்று சொல்லக் கூடியவர் ஒருவரே இருந்தார். அவர் எங்களோடு பல்லாண்டுகள் அந்த மேசையருகிலேயே அமர்ந்திருந்தார். நாங்கள் கேட்கவில்லை.

திண்டுக்கல்லும் ஒரு பெரிய ஏலமும்

பேகம்பூர் என்னும் பெயரே ஒரு நினைவுச் சின்னம்தான். மைசூர்ப் படையில் உயர்ந்து வந்த ஹைதர் அலி 1755இல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக நியமிக்கப்பட்டார். பாறைமேல் நாயக்கர் கட்டிய கோட்டை அவர் கைக்கு வந்தது. பிரெஞ்சுக்காரரின் துணையோடு இங்கே படைக்கலத் தொழிற்சாலை அமைத்தார். அவருடைய தங்கை அமீருன்னிஸா பேகம் இங்கேயே மறைந்து, பள்ளிவாசலை ஒட்டி அடக்கமானார். அந்தப் பேகத்தின் பெயரால்தான் எங்கள் பகுதி பேகம்பூர். 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திண்டுக்கல் ஆங்கிலேயர் வசமாயிற்று.

அதற்கு ஏழாண்டுகள் கழித்து, 1799 மே 4ஆம் நாள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் போரிட்டு வீழ்ந்தார். அரண்மனைப் பொருள்களைப் படையினரிடையே பங்கிடுவதற்கெனக் குழுவொன்று அமைக்கப்பட்டது. மரத்தால் செய்து பொன் தகடு போர்த்திய திப்புவின் சிங்காதனத்தை அக்குழுவினர் துண்டு துண்டாக்கினர். அதை முழுதாகத் தம் மன்னருக்கு அனுப்பலாம் என்று கவர்னர் ஜெனரல் எண்ணியிருந்தார். அவர் எண்ணம் எட்டுமுன் சம்மட்டி விழுந்துவிட்டது. சிங்காதனத்தின் பெரிய புலித்தலையும் ஹுமா பறவையும் விண்ட்சர் அரண்மனைக்குச் சென்றன. சுற்றுவரிசையை அலங்கரித்த சிறு புலித்தலைகள் பலர் கைக்குப் பிரிந்து போயின. ஆங்கிலேயர் ஒருவரைப் புலி வீழ்த்துவது போல் மரத்தில் செதுக்கிய திப்புவின் புலி இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

பிரிந்து போன சிறு புலித்தலைகளில் ஒன்று 2009இலும் மற்றொன்று 2010இலும் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. 2023 மே மாதம், திப்புவின் படுக்கையறையில் இருந்ததாகக் கூறப்படும் வாள் போன்ஹாம்ஸ் ஏல நிறுவனத்தில் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. நம் பணத்தில் 140 கோடி ரூபாய்க்கு மேல். அந்த விலை எஃகுக்கும் பொன்னுக்கும் மட்டும் கிடைத்த விலையன்று. அது யாருடையது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பதற்கான பதிவு தொடர்ந்து இருந்ததற்குக் கிடைத்த விலை. 1799இல் எடுத்தவர்கள், எடுத்ததை எழுதியும் வைத்துக் கொண்டார்கள். சோழமண்டலத்துக் கருங்காலி மேசைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆகவே பழம்பொருளின் மதிப்பில் பாதி அதன் மரத்தில் இருக்கிறது. மறுபாதி அதைப் பற்றிய ஒரு துண்டுத் தாளில் இருக்கிறது. முதல் பாதியைத் தச்சர் செய்துவிட்டார். இரண்டாம் பாதி குடும்பத்தாரின் கடமை.

மேசையைப் படிப்பது எப்படி?

தாள் இல்லாதபோது மேசையையே படிக்க வேண்டும். பரம்பரைத் தச்சர் ஒருவரை அழைத்து வந்து டீப்பாயைக் காட்டினேன். அவர் முதலில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மேற்புறம் பார்ப்பவர் கண்ணுக்காக. அடிப்புறம்தான் உண்மை பேசும் என்றார்.

மரம் தோதகத்தி என்று சொன்னார். ஈட்டி மரம் என்றும் அதனை வழங்குவர். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் செல்வம் அது. கனமும் இறுக்கமும் உடையது. நுண்ணிய செதுக்கு வேலையைத் தாங்கும். அடிப்பலகையில் வாளின் தடம் நேர்க்கோடாக இருந்தால் கைவாளால் அறுத்தது. வில்போல் வளைந்து வளைந்து இருந்தால் இயந்திர வட்டவாளால் அறுத்தது. கையால் செய்த பழைய திருகாணிகளின் தலைவெட்டு சரியாக நடுவில் இராது, முனையும் மழுங்கியிருக்கும். இழுப்பறையின் மூலைகளில் பலகைகளைக் கோத்திருக்கும் பற்கள் ஒன்றுபோல் இராமல் சிறிதும் பெரிதுமாக இருந்தால் அது கைவேலை. பல்லாண்டுகளில் மரம் குறுக்குவாட்டில் சுருங்கும். வட்டமான மேற்பலகையை அளந்து பார்த்தால் சற்றே நீள்வட்டமாகியிருப்பது தெரியும். இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டலாகாது. எல்லாம் ஒருமுகமாகப் பேச வேண்டும்.

எங்கள் டீப்பாயின் உடல் கைவேலை. ஆனால் இழுப்பறைப் பூட்டைப் பார்த்ததும் அந்தத் தச்சர் சிரித்துவிட்டார். "இது நம்ம ஊர்ப் பூட்டு!" என்றார். மேசைக்கு முதலில் வேறு பூட்டு இருந்திருக்கிறது. அதன் அச்சு மரத்தில் இன்னும் தெரிகிறது. பிறகு யாரோ திண்டுக்கல் பூட்டை அங்கே பொருத்தியிருக்கிறார்கள். ஏலக்காரர் கணக்கில் இது ஒரு குறை. மூலப் பூட்டு மாறிவிட்டது என்று மதிப்பைக் குறைப்பார். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு எங்கள் கணக்கிலோ அந்த மேசை இந்த ஊரில் வாழ்ந்ததற்கான ஒரே சாட்சி.

இன்னொன்றையும் அவர் எச்சரித்தார். பழைய மேசையைப் புதிதாக்குகிறோம் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிப்பவர்கள் உண்டு. காலம் ஏற்றிய மெருகு அதோடு போய்விடும், மதிப்பும் போய்விடும். தூசியை மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்து, ஈரமும் கடும் வெயிலும் படாமல் வைத்திருந்தாலே போதும்.

ஏலத்தின் வழியும் சட்டத்தின் வரம்பும்

ஏலத்தில் விட எண்ணுபவர் சிலவற்றை அறிந்திருப்பது நல்லது. ஏல நிறுவனம் பட்டியலில் குறிக்கும் மதிப்பு ஓர் ஊகமே, விலை அன்று. இதற்குக் குறைந்தால் விற்பதில்லை என்று ஓர் அடிவிலையை நிறுவனத்தோடு பேசி முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக் கொள்ளலாம். கூறிய விலையின் மேல் வாங்குபவரிடம் நிறுவனம் தனித் தொகை வசூலிக்கும். விற்பவரிடமும் தரகுத் தொகை பிடிக்கும். படம் எடுத்தல், அனுப்புதல், காப்பீடு ஆகியவற்றின் செலவு யாருடையது என்பதையும் கேட்டுக் கொள்ள வேண்டும். பட்டியலில் கண்ட தொகை முழுதும் நம் கைக்கு வரும் என்று எண்ணிக் கணக்குப் போட்டவர்கள் ஏமாந்ததுண்டு.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976 முதல் நடைமுறையில் உள்ளது. 100 ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருள்கள் அதன்கீழ் தொல்பொருள் ஆகும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. வணிகம் செய்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வாங்க வருபவரிடம் அந்த உரிமத்தைக் காட்டுமாறு கேட்பதில் வெட்கமில்லை. தந்தம் பதித்த பொருளாயின் மேலும் எச்சரிக்கை தேவை. 1986இலும் 1991இலும் செய்யப்பட்ட திருத்தங்களுக்குப் பின் தந்த வணிகம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். தோதகத்தி மரத்தைக் காக்கவும் தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் தனிச் சட்டமொன்று வந்தது. 2017 முதல் அம்மர இனம் முழுவதன் பன்னாட்டு வணிகமும் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. பழைய தோதகத்திச் சாமான்களை வியாபாரிகள் தேடி அலைவதற்கு இவையும் காரணம். காட்டில் கிடைப்பது அரிதாகும்போது கூடத்தில் இருப்பது விலை ஏறும்.

விற்பது இழிவன்று, மறைப்பதே இழிவு

இத்தனையும் கேட்ட பிறகு, "பாட்டன் பொருளை ஏலத்தில் விடுவது குடும்பத்துக்கு இழுக்கு" என்றார் பெரியம்மா. அந்த எண்ணம் நம் குடும்பங்களில் வேரூன்றியிருக்கிறது. ஆனால் அபூதாவூத் தொகுப்பிலுள்ள ஹதீஸ் ஒன்று வேறு பாடம் சொல்கிறது.

வறுமையுற்ற அன்சாரித் தோழர் ஒருவர் உதவி கேட்டு வந்தார். அவர் வீட்டில் இருந்தவை ஒரு விரிப்பும் ஒரு குவளையும் மட்டுமே. அவற்றைக் கொண்டுவரச் செய்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே தம் கையில் எடுத்து விலை கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தருவதாகச் சொன்னார். அதற்கு மேல் தருபவர் உண்டா என்று இருமுறை, மும்முறை கேட்டார்கள். வேறொருவர் இரண்டு திர்ஹத்துக்கு எடுத்துக் கொண்டார். ஒரு திர்ஹம் வீட்டு உணவுக்கு. மற்றொன்று கோடரி வாங்க. கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்குமாறு அனுப்பினார்கள். பதினைந்து நாள் கழித்து அவர் பத்து திர்ஹத்தோடு திரும்பி வந்தார்.

தேவைக்காக வீட்டுப் பொருளை ஏலத்தில் விற்பது இழிவன்று என்பது இதனால் விளங்குகிறது. இழிவானது எது? வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிடுவதற்காக நடுவில் நின்று கேட்பது. 'நஜ்ஷ்' எனப்படும் இச்செயலை நபியவர்கள் தடுத்துள்ளார்கள். குறையை மறைத்து விற்பதும், அறியாதவரிடம் பொருளின் தரத்தை மறைத்து வாங்குவதும் அதே வகையைச் சேர்ந்தவையே. மேசையின் அடிப்பக்கத்தைத் தடவியவாறே அதை உடைந்த சாமான் என்று சொன்ன அந்தக் கையை நான் இன்னும் மறக்கவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. இறந்தவரின் அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வசிய்யத் ஆகியவை போக எஞ்சியது அனைத்தும் வாரிசுகளின் சொத்து. நிலமும் வீடும் மட்டுமல்ல; அண்டாவும் ஊஞ்சலும் டீப்பாயும் அதில் அடங்கும். வீட்டைக் கணக்குப் பார்த்துப் பிரிக்கும் நாம், கூடத்துச் சாமான்களை மட்டும் ஆண்மக்கள் எடுத்துக் கொள்வதையோ, மொத்தமாக வியாபாரிக்குத் தள்ளிவிடுவதையோ சாதாரணமாகக் கருதுகிறோம். எங்கள் வீட்டில் மகன்கள் இருவர், மகள்கள் மூவர். ஆக ஏழு பங்கு. மகன் ஒவ்வொருவருக்கும் இரண்டு, மகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. அந்த டீப்பாயிலும் சின்னம்மாவுக்கு ஏழில் ஒரு பங்கு உண்டு. அதை அவர் கேட்காமலே கொடுப்பதுதான் ஃபராயிள்.

எங்கள் வீட்டு முடிவு

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடினோம். உரிமம் பெற்ற இருவரிடம் தனித்தனியே மதிப்புக் கேட்டு எழுதி வாங்கியிருந்தோம். ஏல நிறுவனப் பட்டியலில் கண்ட அளவுக்கு இல்லை. ஆயினும் அந்த வெளியூர் வியாபாரி வீட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்ன தொகையை இந்த ஒரு மேசையே தாண்டியது. பெரிய மாமா தலைகுனிந்து அமர்ந்திருந்தார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

இரண்டு மதிப்புக்கும் நடுத்தொகையை விலையாக வைத்து, முதலில் வீட்டாரிடமே கேட்போம் என்று முடிவாயிற்று. "ஒரு தரம்" என்றார் சின்ன மாமா, விளையாட்டும் வருத்தமும் கலந்த குரலில். கடைசி ஆண்டுகளில் நன்னியைக் குளிப்பாட்டி, ஊட்டி, மருந்து கொடுத்துப் பார்த்துக் கொண்டவர் சின்னம்மா. கையில் ரொக்கம் இல்லாதவரும் அவரே. "வீட்டில் எனக்கு வரும் பங்கில் கழித்துக் கொள்ளுங்கள், நான் எடுத்துக் கொள்கிறேன்" என்றார். "இரண்டு தரம்." ஒருவரும் வாய் திறக்கவில்லை. சும்மாவே கொடுத்துவிடலாமே என்று என் அம்மா சொன்னார். சின்னம்மா ஒப்பவில்லை. "கணக்காகவே இருக்கட்டும். நாளைக்கு எம் பிள்ளைக யாருக்கும் பதில் சொல்லக் கூடாது" என்றார்.

மூன்றாம் தரம் சொல்லுமுன் ஒரு வேலை செய்தோம். ஒரு முழுத்தாளில் மேசையின் நீளம், அகலம், உயரம், மரம், தச்சர் கண்டு சொன்னவை, பூட்டு மாற்றப்பட்ட செய்தி, இரு மதிப்பீடுகள் யாவற்றையும் எழுதினோம். 'எங்கிருந்து வந்தது' என்ற இடத்தில் ரங்கூன், சுருட்டுத் துரை, மதுரை என்று மூன்று கதைகளையும் சொன்னவர் பெயரோடு எழுதி, எது உண்மை என்று தெரியவில்லை என்பதையும் எழுதினோம். வால்போல் செய்த தவறை நாங்கள் செய்ய விரும்பவில்லை. வாரிசுகள் ஐவரும் கையெழுத்திட்டார்கள். நாலு பக்கமும், அடிப்புறமும் படம் எடுத்து அத்தாளோடு இணைத்தோம். இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைச் சின்னம்மாவிடம் கொடுத்தோம். அதை வாங்கியவர் நினைவின்றியே முந்தானையில் முடிந்து கொண்டார்.

நாளை சின்னம்மாவின் மக்கள் அதை விற்கலாம், ஏலத்திலும் விடலாம். அது அவர்கள் உரிமை. எந்த ஊரில் யார் வாங்கினாலும், இழுப்பறையைத் திறப்பவர் அது திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு கூடத்தில் நின்றது என்பதை அறிவார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு டீப்பாய் இருக்கக் கூடும். அலமாரியாகவோ, ரெஹாலாகவோ, மூலையில் கிடக்கும் பெட்டியாகவோ இருக்கக் கூடும். அதன் அருகில், அதன் கதை தெரிந்த பெரியவர் ஒருவர் இன்னும் அமர்ந்திருந்தால், இன்று மாலையே அவர் அருகில் போய் உட்காருங்கள். ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துச் செல்லுங்கள்.